கார் கிட் ஒட்டுன ஆளுங்க நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா?

பழையபேட்டை_பரண்
எல்லாருக்கும் வணக்கம். நான் சொல்றது தள்ளிவிட்டா ஓடுற பொம்மைக் கார் இல்ல. பெட்டியைத் திறந்தா சட்டம் சட்டமா பிளாஸ்டிக் பாகம், ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஏ12, பி7னு நம்பர், ஒரு படத்தாள், தண்ணில ஊறப்போட்டு வழுக்கி ஒட்டுற டீக்கால் ஷீட். அதை வெட்டி, தேய்ச்சு, ஒட்டி நாமளே காரா ஆக்கணும். டாமியா, ரெவெல், ஏர்ஃபிக்ஸ்னு கிட் கம்பெனிங்க, இதெல்லாம் ஞாபகம் இருக்கா? நம்ம குழந்தைப் பருவம் ஆச்சே. தொண்ணூறுகள்ல எனக்கு வந்ததெல்லாம் சவூதில இருந்த சின்ன மாமா லீவுல கொண்டுவந்தது. கிருஷ்ணகிரில எந்தக் கடைலயும் பார்த்ததில்ல.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, உங்களுக்கெல்லாம் எங்க கெடச்சுது, எதை வச்சு ஒட்டுனீங்க? ரெண்டாவது, பாதி முடிஞ்ச 1/24 (நிஜக் கார்ல 24ல ஒரு பங்கு) போர்ஷே ஒண்ணு பரண்ல இருந்து இறங்கியிருக்கு. பாடி நல்லா இருக்கு. ஆனா ரப்பர் டயர் பட்ட இடத்துல ரிம் உருகி அரிச்சுப் போயிருக்கு. வெயில் சூட்டுலயா?

காவேரிப்பட்டணம்_கணேசு
எங்க வூட்ல பினாக்கா பேஸ்ட்ல வந்த யானை, ஒட்டகம்தான். கார் கிட்டெல்லாம் பெரிய எடம். இழையை ஃபாலோ பண்றேன் 🙂

டூல்ரூம்_தாத்தா, ஓசூர்
பழையபேட்டைத் தம்பி, சூடு இல்லப்பா. அது ரப்பரும் இல்ல, மெத்து பி.வி.சி. பி.வி.சி. இயல்புல விறைப்பான சரக்கு. அதை டயர் மாதிரி வளைய வைக்க எண்ணெய் போல ஒண்ணு கலப்பாங்க, பிளாஸ்டிசைசர்னு பேரு. வருஷக்கணக்குல அது மெதுவா வெளிய கசியும். ரிம் பாலிஸ்டைரீன்கிற வேற பிளாஸ்டிக். ரெண்டும் தொட்டுக்கிட்டே இருந்தா பாலிஸ்டைரீன் இளகிடும். உலகம் பூரா பழைய கிட் வச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் இந்தத் தொல்லை உண்டு.

டயரைக் கழட்டித் தனிக் கவர்ல போடு. அரிச்ச இடத்தை எமரி போட்டுத் தேய்ச்சுட்டு, கிட்டோட மிச்சச் சட்டத்துல இருந்து பொடிசா நறுக்கி, கொஞ்சம் தின்னர்ல ஊறவிட்டா கூழா வரும். அதைத் தடவி, நல்லா காஞ்சதும் திரும்பத் தேய். மறுபடி டயர் மாட்டறப்போ ரிம் மேல குழாய்க்குச் சுத்துற டெஃப்லான் டேப்பை ஒரு சுத்து சுத்திடு. அதுக்கப்புறம் கசிவு ரிம்மைத் தொடாது.

நான் ஓசூர் சிப்காட்ல மோல்டு, அதாவது பிளாஸ்டிக் வார்க்கற அச்சு, செய்யற வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். சட்டம்னு நீ சொல்றதை நாங்க ரன்னர்னு சொல்லுவோம். உருகுன பிளாஸ்டிக் உள்ள போற பெரிய வழி ஸ்ப்ரூ, கிளை வழி ரன்னர், பாகத்துக்குள்ள நுழையற சின்ன வாசல் கேட். பாகத்தோட உள்பக்கம் வட்ட வட்டமா தழும்பு இருக்குமே, அது மோல்டு திறக்கறப்போ பாகத்தைக் குச்சி தள்ளிவிட்ட அடையாளம். ஓரத்துல மெல்லிசா கோடு ஓடுனா மோல்டோட ரெண்டு பாதி சேர்ற இடம். ஒரு கிட்டைக் கையில எடுத்தா, செஞ்ச டூல்மேக்கர் எங்க கஷ்டப்பட்டான், எங்க சோம்பேறித்தனம் பண்ணினான்னு எனக்குத் தெரியும். டாமியாக்காரன் பாகம் பாகத்தோட உட்கார்றதைப் பார்த்தா பொறாமையாவே இருக்கும்.

பாலக்கோட்டான்
மன்னிக்கணும், ஆனா சொல்லிடறேன். "நம்ம குழந்தைப் பருவம்"னு இதை எழுதறதுல எனக்குக் கொஞ்சம் எரிச்சல். யாரோட குழந்தைப் பருவம்? எங்க தெருவுல ஃபாரின் மாமா யாருக்கும் இல்ல. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திட்டு வர்ற லாரிதான் எங்க கிட்டு. அட்டைப்பெட்டி, பிளேடு, சைக்கிள் ஸ்போக் கம்பில அச்சு, தேஞ்ச ஹவாய் செருப்புல வட்டமா வெட்டுன சக்கரம். நானும் அண்ணனும் பண்ணுன டாடா 1210 லாரிக்குத் தார்ப்பாய் கூட இருந்துச்சு, பழைய குடைத்துணி. டேப் ரெக்கார்டர் மோட்டார் வச்சு ஓடவும் ஓடுச்சு.

நீங்க பண்ணது மத்தவன் வெட்டி வச்சதை ஒட்டுனது. நாங்க பண்ணதுதான் செய்யறது.

பழையபேட்டை_பரண்
பாலக்கோட்டாரே, பீத்திக்க எழுதலங்க. எங்கப்பா மண்டில கணக்கு எழுதினவர். மாமா இல்லன்னா எனக்கும் அட்டைதான். அவர் கொண்டுவந்த பெட்டிலயும் ஒரு வில்லங்கம் உண்டு. பசை, பெயின்ட் ரெண்டும் உள்ள இருக்காது, தனியா வாங்கிக்கச் சொல்லி பெட்டிலயே போட்டிருக்கும். அந்தப் பசைக்குப் பழையபேட்டைல எங்க போறது? கார் வந்துடும், ஒட்ட வழியிருக்காது.

மத்தூர்_மகள்
இதைப் படிச்சதும் சிரிச்சிட்டேன். எங்க வீட்லயும் அதே கதைதான் அண்ணா. சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன்ல ஆரம்பிச்சோம். நூல் நூலா இழுத்துட்டு வரும், பிடிக்காது. ஃபெவிகால் காஞ்சதும் தோல் மாதிரி உரிஞ்சு வந்துடும். சூப்பர் க்ளூ பிடிக்கும், ஆனா முன்கண்ணாடி பூரா வெள்ளையா பூஞ்சை பூத்த மாதிரி ஆயிடும்.

கிட் அண்ணனுக்குன்னுதான் வந்துச்சு. எனக்கு சமையல் செட். ஆனா அவனுக்குப் பொறுமை கிடையாது. டீக்கால் ஒட்ற வேலை பூரா என்கிட்ட வந்துடும். கிண்ணத்துத் தண்ணில போட்டு, பேப்பர் ஊறி, படம் லேசா நகர ஆரம்பிக்கறப்போ எடுத்து, கதவு மேல வச்சு விரல் நுனில சரிக்கணும். கொஞ்சம் அவசரப்பட்டா சுருண்டுக்கும். ரேஸ் காரோட நம்பர், எண்ணெய்க் கம்பெனி பேரு எல்லாம் ஒட்டி முடிச்சதும் அவன் தூக்கிட்டுப் போய் ஸ்கூல்ல காமிப்பான், "நான் பண்ணது"ன்னு. இப்ப பெங்களூர்ல ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல கட்டடத்துக்கு மாடல் பண்றது என் வேலை. அவன் பேங்க்ல இருக்கான்.

நெடுஞ்சாலை_மெக்கானிக், தருமபுரி
பசை மேட்டர் நான் சொல்றேன். தருமபுரில அப்ப ஒரு டிங்கரிங் பட்டறை. கார், வேன், லாரி கேபின் எல்லாம் ஒடுக்கெடுத்து பெயின்ட் அடிப்பாங்க. ஸ்கூல் விட்டு அங்கதான் கெடப்பேன். கிட் என்னோடது இல்ல, ஓசூர்ல கம்பெனி வேலைல இருந்த எங்க சித்தப்பா பையனோடது. லீவுக்கு வந்தா எடுத்துட்டு வருவான். பட்டறைல இருந்த பெயின்டர் அண்ணன் அந்த பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, லேக்கர் தின்னரை ஒரு சொட்டு ரன்னர் மேல விட்டார். பளபளப்பு போய் அந்த இடம் இளகிடுச்சு. "இதுதாண்டா உன் பசை"ன்னு சொல்லி, காலி இஞ்சக்‌ஷன் பாட்டில்ல ஊத்திக் குடுத்தார்.

ரெண்டு பாகத்தையும் சேர்த்துப் புடிச்சு, ஓரத்துல பிரஷ் நுனியை வச்சா போதும். தின்னர் தானா சந்துக்குள்ள ஓடிடும். பத்து நிமிஷம் அசையாம வச்சிருந்தா ரெண்டும் ஒரே துண்டு. பெயின்ட்டும் அங்கயே. அந்த வாரம் எந்த அம்பாசடருக்கு அடிச்சு மீந்துச்சோ அதான் எங்க ஃபெராரிக்குக் கலர். வெள்ளை ஃபெராரி, சந்தனக் கலர் ஃபெராரி எல்லாம் பார்த்திருக்கோம்.

பாலக்கோட்டான்
எங்க லாரிக்கும் பெயின்ட் டிங்கரிங் பட்டறைலதான். டப்பா அடில ஒட்டி இருக்கறதைச் சுரண்டிட்டு வருவோம். நம்பர் பிளேட் எழுதித் தர்றதுக்கும் அங்க ஒரு ஆர்ட்டிஸ்ட் இருந்தார். டி.என்.29 போட்டு, முன்னாடி கண்ணாடி மேல "முருகன் துணை"ன்னு நிழல் விழுந்த மாதிரி எழுதிக் குடுத்தார். காசு வாங்கல.

டூல்ரூம்_தாத்தா, ஓசூர்
பெயின்டர் சொன்னது ரொம்பச் சரி. விலை குடுத்து வாங்கற கிட் பசையும் வேலை செய்யற விதம் அதேதான். பசைன்னு பேரே தவிர அது ஒட்டறது இல்ல, கரைக்கறது. ரெண்டு முகத்தையும் கொஞ்சம் கரைச்சு விடும், கரைஞ்சது ஒண்ணோட ஒண்ணு கலக்கும், கரைப்பான் ஆவியானதும் இறுகிடும். பாலிஸ்டைரீன் மாதிரி அந்தக் கரைப்பான்ல கரையற பிளாஸ்டிக்குக்குத்தான் இது நடக்கும். தெர்மாகோல் மேல பெட்ரோல் பட்டா உருகிக் காணாம போகுமே, அதுவும் இதே பிளாஸ்டிக்தான், காத்து அடைச்சு ஊதினது.

மத்தூர் பாப்பாவுக்கு ஒண்ணு: கண்ணாடிப் பாகத்துக்கு மட்டும் ஃபெவிகால்தான் சரி. காஞ்சா தெளிவாயிடும், பூக்காது. பாடிக்குப் பிடிக்காதுன்னு அதை ஒதுக்கிட்டீங்க.

பேரப்பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவங்க கவனிங்க. தின்னர்ல டொலுவீன் மாதிரி சரக்கெல்லாம் இருக்கும். ஜன்னலைத் திறந்து வச்சுத்தான் வேலை, பக்கத்துல நெருப்பு ஆகாது. எங்க காலத்துல கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்தோம், தலை சுத்துச்சு, அதையும் சந்தோஷம்னு நினைச்சுக்கிட்டோம்.

ஓய்வாசிரியர், அரூர்
அன்பர்களுக்கு வணக்கம். கடைகளில் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு என்னால் ஓரளவு விளக்கம் தர முடியும். அந்நாளில் வெளிநாட்டு நுகர்பொருள்களை வணிகத்துக்காகத் தாராளமாக இறக்குமதி செய்ய அரசு விடவில்லை. எவ்வளவு கொண்டுவரலாம் என்பதற்கு அளவுக் கட்டுப்பாடு இருந்தது. கடைசியாக மிஞ்சிய 715 பொருள்களுக்கான கட்டுப்பாடு 2001 ஏப்ரல் 1 அன்றுதான் நீங்கியது. அதுவரை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இருந்த வழிகள் வளைகுடா உறவினர் பெட்டியும் சென்னை பர்மா பஜாரும்தான். ஓசூர்ப் பிள்ளைகளுக்கு 40 கிலோமீட்டரில் பெங்களூரு இருந்தது. 1980இல் ஓசூரிலேயே அசோக் லேலண்ட் ஆலை வந்தது, டி.வி.எஸ். 50 மொபெட்டும் அதே ஆண்டு அங்கிருந்துதான் வெளிவந்தது. பொறியாளர் குடும்பங்கள் குடியேறின. அரூரில் அப்படி ஒன்றும் இல்லை. கிருஷ்ணகிரியும் ஓசூரும் 2004 பிப்ரவரி வரை தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தன என்றாலும், பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியில் மாவட்டம் முன்பே பிரிந்துவிட்டது. பாலக்கோட்டு நண்பரின் எரிச்சலில் நியாயம் உண்டு.

ஆனால் "மத்தவன் வெட்டி வச்சதை ஒட்டுனது" என்பதை நான் ஏற்கவில்லை. என் வகுப்பில் கிட் செய்த மாணவன் ஒருவனும் அட்டையில் பேருந்து செய்த மாணவன் ஒருவனும் இருந்தார்கள். அளவு போட்டு வெட்டுவதில் இரண்டாமவன் கெட்டி. படத்தைப் பார்த்து எது முதலில், எது பிறகு என்று வேலையை வரிசைப்படுத்துவதில் முதலாமவன் கெட்டி. தேர்வுத் தாளில் இருவருமே சுமார்தான்.

நெடுஞ்சாலை_மெக்கானிக், தருமபுரி
சார் சொன்ன வரிசை இருக்கே, அதான் பெரிய விஷயம். இருக்கையை ஒட்டறதுக்கு முன்னாடி உள்கூட்டுக்கு பெயின்ட் அடிக்கணும். பாடியை சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல இறக்குறதுக்கு முன்னாடி ஸ்டியரிங் கட்டாயம். மறந்தா அப்புறம் விரல் போகாது.

இன்னொண்ணு. அட்டை லாரில வெளித்தோற்றம்தான் வரும். கிட்ல இன்ஜின் தனியா, கியர்பாக்ஸ் தனியா, ப்ரொபெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், பின் அச்சு எல்லாம் தனித்தனியா வரும். பின் அச்சு நடுவுல வீங்குன உருண்டைதான் டிஃபரன்ஷியல், அதுக்குள்ளதான் சக்தி ரெண்டு பக்கமும் பிரியுதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது சித்தப்பா பையன் கிட்ல. அப்புறம்தான் லாரிக்கு அடில படுத்து நிஜத்தைப் பார்த்தேன். பார்த்ததும் என்னன்னு புரிஞ்சுது.

பாலக்கோட்டான்
அண்ணே, நாங்க முதல்லயே லாரிக்கு அடிலதான் படுத்திருந்தோம். கிளீனர் பசங்க கிரீஸ் அடிக்கறப்போ கூடவே போயிடுவோம். எங்க லாரில டிஃபரன்ஷியல் இருந்துச்சு, களிமண்ணுல. அச்சுல குத்தி வச்சிருந்தோம். பட்டை ஸ்பிரிங் கூட உண்டு, சைக்கிள் மட்கார்டு தகட்டை நீளவாக்குல வெட்டி, பெருசு மேல சின்னது சின்னதா அடுக்கினது. நீங்க படத்துல பார்த்தீங்க, நாங்க நேர்ல பார்த்தோம். அதனால "அட்டைல வெளித்தோற்றம்தான்"னு சொல்லாதீங்க.

நெடுஞ்சாலை_மெக்கானிக், தருமபுரி
பட்டை ஸ்பிரிங் பண்ணினியா! தம்பி, வாபஸ் வாங்கிக்கறேன்.

மத்தூர்_மகள்
அந்த லாரி போட்டோ இருக்கா பாலக்கோட்டண்ணா?

பாலக்கோட்டான்
போட்டோ ஏதுங்க. மழைல ஊறிப் போச்சு. வருஷா வருஷம் புதுசா பண்ணுவோம், அவ்ளோதான்.

பழையபேட்டை_பரண்
தாத்தா, ஒரு சந்தேகம். இந்த 1/24, 1/32 எல்லாம் எப்படி வந்துச்சு? 1/20, 1/30னு முழுசா வச்சிருக்கலாமே?

டூல்ரூம்_தாத்தா, ஓசூர்
அடி, அங்குலக் கணக்குல யோசி. 1/12ன்னா ஒரு அடிக்கு ஒரு அங்குலம். 1/24ன்னா அடிக்கு அரை அங்குலம். 1/32ன்னா அடிக்கு எட்டுல மூணு அங்குலம், அதாவது மூணு நூல். 1/72 ஆறடிக்கு ஒரு அங்குலம், ஆறடி ஆள் ஒரு அங்குலமா நிப்பான், அதனால விமானத்துக்கு ஒத்து வந்துச்சு. 1/35 இந்தக் கணக்குல சேராது. டாமியாக்காரன் அறுபதுகள்ல பாந்தர் டாங்கி கிட் போட்டப்போ, உள்ள மோட்டாரும் பேட்டரியும் அடங்கணும்னு பாடியோட அளவை முடிவு பண்ணினான். அப்புறம் அளந்து பார்த்தா கிட்டத்தட்ட 1/35. இன்னிக்கு வரைக்கும் டாங்கின்னா பெரும்பாலும் அந்த அளவுதான்.

அவங்க முதல்ல மரக்கடைதான் தெரியுமா. ஜப்பான் ஷிசுவோகால 1946ல மர வியாபாரம், அப்புறம் மர மாடல், 1960லதான் முதல் பிளாஸ்டிக் கிட், யமாட்டோ போர்க்கப்பல். எழுபதுகள்ல 1/12 போர்ஷே 934 பண்றதுக்கு நிஜமான போர்ஷே 911 ஒண்ணை வாங்கிப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க. உன் பரண்ல இருக்கறவன் அந்த வம்சம்தான், அவசரப்பட்டுத் தேய்ச்சுடாதே.

சிப்காட்_சின்னவன்
நான் உங்க எல்லாருக்கும் சின்னவன், கிண்டர் ஜாய் தலைமுறை 😄 ஓசூர்ல 3டி பிரிண்டர் வச்சு சின்னதா வேலை பண்றேன். கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, இவ்ளோ பேசறீங்க, நம்ம வண்டி எதுக்குமே கிட் இல்லையா? ஃபெராரி, போர்ஷேதானா? அம்பாசடர், பத்மினி, 1210?

டூல்ரூம்_தாத்தா, ஓசூர்
நல்லாக் கேட்டே. ஒரு கார் கிட்டுக்கு பாடி, சேஸிஸ், குரோம் பாகம், கண்ணாடி, டயர்னு பல மோல்டு வேணும். எல்லாம் உருக்குல குடைஞ்சு, பாலிஷ் போட்டு, ட்ரையல் எடுத்துத் திருத்தணும். லட்சக்கணக்குல போகும், ஆயிரக்கணக்குல வித்தாத்தான் போட்ட காசு திரும்பும். நம்மூர்ல முடிஞ்ச பொம்மையைத்தான் வாங்குவாங்க. திறந்தா துண்டு துண்டா கிடக்கறதுக்கு எவன் காசு குடுப்பான்? அதனால அம்பாசடரைத் தள்ளிவிட்டு ஓட்டற பொம்மையாத்தான் நான் பார்த்திருக்கேன். கிட்டா பார்த்ததில்ல.

சிப்காட்_சின்னவன்
பிரிண்டர்ல மோல்டே வேண்டாமே தாத்தா. அம்பாசடர் நீளம் 4325 மில்லிமீட்டர், வீல் பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல தூரம்) 2464. 24ஆல வகுத்தா நீளம் 180 மி.மீ., வீல் பேஸ் 103க்குக் கொஞ்சம் கம்மி. கையடக்கமா வரும். மாருதி 800 நீளம் 3335, அது 139 மி.மீ.தான். ரெண்டையும் பக்கத்துல நிறுத்துனாவே தெரியும், அந்தக் காலத்துல ஒரு அம்பாசடர்ல எப்படி எட்டுப் பேர் ஏறுனாங்கன்னு.

டூல்ரூம்_தாத்தா, ஓசூர்
பிரிண்ட் பண்ணு. ஆனா நீ பி.எல்.ஏ.ங்கற பிரிண்டர் பிளாஸ்டிக் இழைல பண்ணினா கிட் பசை வேலைக்கு ஆகாது, அது வேற பிளாஸ்டிக். சூப்பர் க்ளூவோ எபாக்ஸியோதான் போடணும். அடுக்கு அடுக்கா வரி தெரியும். அதுக்கு மேல புட்டி பூசி, காஞ்சதும் 400 எமரி, அப்புறம் 800, தண்ணி தொட்டுத் தேய். நம்ம டிங்கரிங் பட்டறைல கார் கதவுக்குப் பண்ற அதே வேலைதான், சின்ன சைஸ்ல.

ஓய்வாசிரியர், அரூர்
அம்பாசடர் செய்தால் சக்கரத்தின் நடு மூடியில் குரோம் பூச்சு மறக்க வேண்டாம். கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்பதை நாங்கள் முதலில் கண்டுகொள்வது அந்த மினுமினுப்பில்தான்.

மத்தூர்_மகள்
எனக்கு 1210தான் வேணும். அம்பாசடரை யாராவது பண்ணிடுவாங்க. பாதி மூக்கு நீட்டிக்கிட்டு, கேபினுக்கு மரச்சட்டம், பின்னாடி பலகை அடிச்ச பாடி, கதவுல மயில், தாமரை. அந்தப் படமெல்லாம் டீக்காலா வரைஞ்சு தர்றேன். டீக்கால் பேப்பர் இப்ப ஆன்லைன்ல கெடைக்குது, இங்க்ஜெட்ல அடிச்சு மேல வார்னிஷ் தெளிச்சா தண்ணில மை கரையாது. எழுத்து மட்டும் கையால எழுதினதா இருக்கணும், கம்ப்யூட்டர் ஃபான்ட் போட்டா லாரி மாதிரியே இருக்காது.

சிப்காட்_சின்னவன்
அக்கா டீல்! ஆனா 1210க்கு சரியான அளவுப்படம் எனக்கு சிக்கல. போட்டோவை வச்சு வரைஞ்சா மூக்கு வளைவு தப்பாயிடும். நிஜ வண்டி ஒண்ணு எங்கயாவது நிக்குதா?

பாலக்கோட்டான்
நிக்குது. எங்க ஊருக்கு வெளிய ஒருத்தர் தென்னந்தோப்புல, இன்ஜின் இல்லாம. கேபின் முழுசா இருக்கு. ஓனரைத் தெரியும். ஞாயித்துக்கிழமை போறேன், அளவெடுத்து அனுப்பறேன். ஆனா ஒரு கண்டிஷன், கிட்டுன்னா எல்லாத்தையும் நீங்களே பிரிண்ட் பண்ணிக் குடுத்துடாதீங்க. பின்பாடியை வாங்கறவனே அட்டைலயோ பலகைலயோ வெட்டிப் பண்ணட்டும். அளவு மட்டும் தாள்ல குடுத்தா போதும்.

நெடுஞ்சாலை_மெக்கானிக், தருமபுரி
நானும் வரேன் தம்பி. சேஸிஸ் அளவு என் பொறுப்பு. ஜாக்கி எடுத்துட்டு வரவா, இல்ல அடில படுக்க இடம் இருக்கா?

பாலக்கோட்டான்
சக்கரம் எல்லாம் போய் கல்லு மேல நிக்குதுண்ணே. தாராளமா படுக்கலாம். பாம்பு இருக்கும், குச்சியோட வாங்க. தாத்தா, என்னென்ன அளக்கணும்?

டூல்ரூம்_தாத்தா, ஓசூர்
முன் அச்சு நடுவுல இருந்து பின் அச்சு நடு வரைக்கும் முதல்ல. அப்புறம் சேஸிஸ் சட்டத்தோட அகலம், உயரம், ரெண்டு சட்டத்துக்கும் நடுவுல இடைவெளி. மூக்குக்கு டேப் பத்தாது. தடியான அட்டையை வளைவு மேல வச்சு, கொஞ்சம் கொஞ்சமா கத்தரிச்சு அப்படியே படிய வை, நடுவுல ஒண்ணு, கால் பங்குல ஒண்ணு, ஓரத்துல ஒண்ணு. ஒவ்வொரு அட்டைலயும் எந்த இடம்னு எழுதிடு. அட்டை வெட்டறதுல உனக்கு நான் சொல்லித்தர ஒண்ணும் இல்ல. போட்டோ எடுக்கறப்போ பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடு, தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடு, கிட்ட நின்னு எடுத்தா மூக்கு பெருசாத் தெரியும். ஹெட்லைட் குழியோட விட்டத்தை மறந்துடாதே.